பல்லூடகப் பட்டம்: கற்பது என்ன?

க. பொ. த. உயர்தரப் பரீட்சையின் பெறுபேறுகள் வெளியாகும் நாள்களில் வீடுகள்தோறும் எழும் வினாக்கள் பல. மருத்துவம், பொறியியல், சட்டம், வணிகம் என்பன பற்றி வினவினால் அயலவரும் விடை கூறிவிடுவர். அப்படிப்புகள் எத்தகையன, முடிவில் எவ்வேலை கிடைக்கும் என்பன ஊரறிந்த செய்திகள். பிள்ளை, "பல்லூடகம் படிக்கப் போகிறேன்" என்று சொன்னால் மட்டும் வீடு சிறிது நேரம் பேசாதிருக்கும். தகப்பனார் அதனைக் கலியாண வீட்டிற் படம் பிடிக்கும் தொழில் என்று எண்ணுவார். தாயார் கணினிப் படிப்பின் ஒரு கிளை என்று கொள்வார். பிள்ளையின் கையிலுள்ள துண்டுப் பிரசுரமோ இன்ன இன்ன மென்பொருள்கள் கற்பிக்கப்படும் என்று ஒரு நீண்ட பட்டியலைக் காட்டும். இம்மூன்றும் முழுதும் பிழையல்ல. ஆயினும் மூன்றையும் கூட்டிப் பார்த்தாலும் அப்படிப்பு இன்னதென்பது தெளிவாகாது. பிள்ளையின் வாழ்வில் மூன்று நான்கு ஆண்டுகளும், சில குடும்பங்களில் ஒரு காணித்துண்டின் பெறுமதியும் இதிலே செலவாகின்றன. ஆதலின் அங்கே கற்கப்படுவது யாது என்பதை முன்னதாகவே அறிந்துகொள்வது நன்று.

எழுத்து, நிலைப்படம், ஒலி, அசையும் படம் ஆகியவற்றைக் கணினியின் துணைகொண்டு ஒன்றாகப் பிணைத்து, காண்பவரும் அதிலே கைவைத்துத் தாம் விரும்பிய வழியிற் செல்லுமாறு அமைப்பதே பல்லூடகம். இதற்கு வழங்கும் ஆங்கிலச் சொல், 1966ஆம் ஆண்டில் பொப் கோல்ட்ஸ்ரீன் என்னும் அமெரிக்கக் கலைஞர் ஒளியும் இசையும் கலந்த தமது நிகழ்ச்சிக்குச் சூட்டிய பெயரிலிருந்து பரவியது என்பர். அந்நாளில் அச்சொல்லுக்கும் கணினிக்கும் தொடர்பில்லை. பல கருவிகளை ஒருங்கே இயக்கிப் பார்வையாளரைச் சூழ்ந்துகொள்ளும் காட்சி என்பதே அதன் பொருளாயிருந்தது. தமிழருக்கு இக்கருத்துப் புதிதன்று. மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் முல்லைத்தீவிலும் கூத்துப் பழக்கும் அண்ணாவியார், பாட்டையும் மத்தளத்தையும் ஆட்டத்தையும் உடுப்பையும் ஒருசேர அறிந்தவர். மத்தளம் பிந்தினால் ஆட்டம் கெடும். உடுப்பின் பாரம் மிகுந்தால் ஆட்டத்தின் கதி தளரும். ஒன்றில் நேர்ந்த குறை இன்னொன்றில் வெளிப்படும் என்பதை அறிந்தே அவர் பழக்குவார். பல்லூடக மாணவர் பெறவேண்டிய அறிவும் இவ்வகையினதே. ஒவ்வொன்றிலும் ஓரளவு கைப்பழக்கம் வேண்டும். அவை ஒன்றோடொன்று சேருமிடத்தில் நிகழ்வன பற்றிய தெளிவு அதனினும் வேண்டும்.

துண்டுப் பிரசுரத்தின் மென்பொருட் பட்டியலைச் சற்று ஐயத்தோடு நோக்குதல் தகும். 'ஃபிளாஷ்' என்னும் மென்பொருளின் வரலாறு இதற்கு ஏற்ற சான்று. 1996ஆம் ஆண்டில் வெளிவந்த அம்மென்பொருள், வலைப்பக்கங்களில் அசையும் சித்திரங்களையும் விளையாட்டுகளையும் பாடங்களையும் ஆக்குவதற்கு மிக எளிய கருவியாயிற்று. 2000ஆம் ஆண்டை அடுத்து உலகெங்கும் பல்லூடக வகுப்புகள் பலவற்றில் அதுவே முதன்மைப் பாடம். 2010ஆம் ஆண்டில் அப்பிள் நிறுவனத்தார் தமது கைப்பேசிகளில் அதற்கு இடமில்லை என்று வெளிப்படையாக அறிவித்தனர். 2017ஆம் ஆண்டில் அதன் உரிமையாளரான அடோபி நிறுவனத்தாரே அதற்கு முடிவுநாள் குறித்தனர். 2020 டிசெம்பர் 31ஆம் நாளோடு அதற்கான ஆதரவு நின்றது. மறு மாதமே அவ்வகை ஆக்கங்கள் வழக்கமான முறையில் இயங்காதொழிந்தன. பத்தாண்டு உழைப்பால் உருவான ஆக்கங்களைத் திறந்து காட்டவும் இயலாத நிலை பலருக்கு வந்தது. எனினும் அவர்கள் எல்லாரும் ஒரே வகையாகத் துன்புறவில்லை. எந்தப் பொத்தான் எங்கே உள்ளது என்பதை மட்டும் கற்றவர் புதிதாகத் தொடங்க நேர்ந்தது. அசைவின் கால அளவையும் காட்சியின் ஒழுங்கையும் நிரலாக்கத்தின் தருக்கத்தையும் கற்றவர் சில மாதங்களில் வேறு கருவிக்கு மாறிக்கொண்டனர். பாடநெறியைத் தெரிவு செய்பவர் கேட்கவேண்டிய வினா, எந்த மென்பொருள் கற்பிக்கப்படும் என்பதன்று. அந்த மென்பொருள் மறைந்தபின் மாணவரிடம் எஞ்சுவது யாது என்பதே.

எஞ்சுவனவற்றுள் வானொலி நேயருக்கு எளிதில் விளங்கக்கூடியது ஒலி பற்றிய அறிவு. 1925ஆம் ஆண்டிற் கொழும்பிலிருந்து ஒலிபரப்புத் தொடங்கிய காலந்தொட்டு, செவி ஒன்றின் வழியாகவே உலகைக் காட்டும் கலை இந்நாட்டிற் பயிலப்பட்டு வருகிறது. வானொலி நாடகத்திற் கேட்கும் குதிரைக் குளம்பொலி, கலையகத்தில் இரண்டு சிரட்டைகளைத் தட்டி எழுப்பப்படுவது. தீயின் சடசடப்பு, மெல்லிய செலோபேன் தாளைக் கசக்குவதால் வருவது. உண்மையான நெருப்பின் முன் ஒலிவாங்கியை வைத்தால் வெறும் இரைச்சலே பெரும்பாலும் பதியும். உண்மையான ஒலியும் உண்மைபோலத் தோன்றும் ஒலியும் வேறு வேறு என்பது ஒலிபரப்பாளர் நெடுநாளாக அறிந்த இரகசியம். திரைப்பட உலகில் இவ்வித்தை ஜாக் ஃபோலி என்பவரின் பெயரால் வழங்குகிறது. பல்லூடக மாணவருக்கும் இஃது ஒரு பயிற்சி. படத்தின் ஒலியை முழுதும் நீக்கிவிட்டு, காலடியோசை முதல் கதவின் கிரீச்சொலி வரை அனைத்தையும் கையால் ஆக்கிச் சேர்த்துவரப் பணிப்பார்கள். மூன்று நிமிடப் படத்துக்கு மூன்று நாள் கழிவதும் உண்டு. அதன்பின் அம்மாணவர் தெருவில் நடக்கும்போதும் முன்னிலும் கூர்மையாகக் கேட்கத் தொடங்கிவிடுவார்.

அடுத்த படி, அவ்வொலி கணினிக்குள் எவ்வாறு நுழைகிறது என்பது. ஒலி காற்றின் அதிர்வு. ஒலிவாங்கி அதனை மின்னலையாக மாற்றுகிறது. கணினியோ தொடர்ந்து செல்லும் அலையை அறியாது. எண்களை மட்டுமே அறியும். ஆகவே அலையின் உயரத்தைச் செக்கனுக்குப் பல்லாயிரம் முறை அளந்து எண்களாகக் குறித்துக்கொள்கிறது. எத்தனை முறை அளத்தல் வேண்டும்? மனிதச் செவி செக்கனுக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வு வரையில் உணரும். ஓர் அதிர்வைத் தவறாது பற்றுவதற்கு அதன் இருமடங்குக்கு மேற்பட்ட தடவை அளக்கவேண்டும் என்பது நைக்குவிஸ்ற், ஷனன் ஆகியோரின் பெயர்களோடு வழங்கும் கணித விதி. 1982ஆம் ஆண்டிற் சந்தைக்கு வந்த சீ.டி. இசைத்தட்டு, செக்கனுக்கு 44,100 முறை என்ற கணக்கைக் கொண்டது இதனாலேயே. குறைவாக அளந்தால் ஒலி தெளிவு குன்றுவதோடு மட்டும் நில்லாது. இல்லாத ஒலி ஒன்று உள்ளதுபோலத் தோன்றவும் கூடும். திரைப்படத்தில் முன்னோக்கி ஓடும் வண்டியின் சில்லு பின்னோக்கிச் சுழல்வதாகக் காண்கிறோமல்லவா? அதற்கும் இதற்கும் காரணம் ஒன்றே.

இவ்வாறு அளந்த இசை, இரண்டு காதுகளுக்கும் சேர்த்து ஒரு நிமிடத்துக்கு ஒரு கோடி பைட்டுக்கு மேல் இடத்தை அடைத்துக்கொள்ளும். கைப்பேசியில் நூற்றுக்கணக்கான பாட்டுகளை வைத்திருப்பவர் அவ்வளவையும் வைத்திருப்பதில்லை. எம்பி3 முதலிய முறைகள், செவிக்கு எட்டாதனவற்றை நீக்கிப் பத்திலொரு பங்களவாகச் சுருக்கிவிடுகின்றன. எட்டாதன என்பன எவை? கோயில் வீதியில் மேளம் முழங்கும்போது அருகே நிற்பவர் முணுமுணுப்பது கேளாது. அம்முணுமுணுப்பு அவ்வேளையில் எண்களாகப் பதிந்திருந்தாலும் பயனில்லை, நீக்கிவிடலாம். எதை நீக்கலாம் என்பதைத் தீர்மானிப்பதற்கு மின்னியல் மட்டும் போதாது. மனிதன் எவ்வாறு கேட்கிறான் என்பது தெரியவேண்டும். கலைப்பிரிவிற் படித்துவந்த மாணவர் இவ்விடத்திற் கணிதத்தைக் கண்டு அஞ்சுவதும், கணிதப் பிரிவிலிருந்து வந்தவர் இசையைக் கண்டு விழிப்பதும் உண்டு. முதலாம் ஆண்டின் இடர்களுட் பெரும்பாலானவை இவ்விரண்டில் ஒன்றே.

கண்ணைப் பற்றிய பாடமும் இவ்வாறே செல்லும். நீலமும் மஞ்சளும் கலந்தாற் பச்சை வரும் என்பது பாடசாலைச் சித்திர வகுப்பிற் கற்றது. கணினித் திரையிலோ சிவப்பொளியும் பச்சையொளியும் சேர்ந்தால் மஞ்சள் தோன்றும். வர்ணக் குழம்பு ஒளியை விழுங்குவது. திரை ஒளியைச் சொரிவது. கண்ணின் உட்திரையில் நிறமறியும் கலங்கள் மூவகையின; ஆதலால் மூன்று ஒளிகளைக் கொண்டே பெரும்பாலான நிறங்களை உணர்த்திவிடலாம். ஜேம்ஸ் கிளார்க் மக்ஸ்வெல் 1861ஆம் ஆண்டில் இலண்டனில் ஒரு நாடாவைச் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் வழியாகத் தனித்தனியே பிடித்த படங்களை ஒன்றன்மேலொன்றாக ஒளிவீழ்த்திக் காட்டியதன் அடிப்படையும் இதுவே. இன்றைய திரையிலுள்ள ஒவ்வொரு புள்ளியும் அப்பரிசோதனையின் வழித்தோன்றல். இதனைக் கல்லாதவர், திரையில் ஒளிர்ந்த பச்சையை நம்பித் திருவிழாச் சுவரொட்டியை அமைத்து, அச்சகத்திலிருந்து மங்கலான பச்சையைப் பெற்று, அச்சகத்தாரோடு வழக்காடுவார். குற்றம் அச்சகத்தாருடையதன்று. திரை தரக்கூடிய சில நிறங்களை அச்சுமையால் தர இயலாது.

அசைவுப் பாடத்தின் முதற் பயிற்சி, துள்ளும் பந்து ஒன்றை வரைவதாகும். கேட்பவருக்குச் சிறுபிள்ளை வேலையாகத் தோன்றும். திரைப்படம் செக்கனுக்கு 24 படங்கள் என்ற கணக்கில் ஓடுவது. சித்திரம் வரைவோர் பெரும்பாலும் ஒரு சித்திரத்தை இரண்டு படத்துக்கு நிறுத்தி, செக்கனுக்கு 12 சித்திரம் வரைவர். பந்தைச் சமமான இடைவெளியில் வரைந்தால், அது விழுவதாகத் தோன்றாது. யாரோ நூலிற் கட்டி இறக்குவதாகத் தோன்றும். விழும் பொருள், சமமான காலத்துண்டுகளில் 1, 3, 5, 7 என்ற விகிதத்தில் தூரத்தைக் கடக்கும் என்று கலிலியோ கண்டார். அவ்விகிதப்படி உச்சியில் நெருக்கியும் நிலத்தருகே அகற்றியும் வரைந்த உடனே தாளிலுள்ள வட்டத்துக்குப் பாரம் வந்துவிடும். நிலத்தைத் தொடும் கணத்திற் சற்றே நசுக்கி வரைந்தால் அது இறப்பர்ப் பந்து. நசுக்காது விட்டால் இரும்புக் குண்டு. இந்த அறிவு ஒருவருக்குக் கைவந்தபின், பென்சிலும் தாளும் கொண்டு வரைந்தாலும் கணினியில் வரைந்தாலும் அவருக்கு ஒன்றே. முழுதும் கணினியால் ஆக்கப்பட்ட முதல் நெடும்படமான 'ரோய் ஸ்ரோரி' 1995ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன் 1,14,240 படங்களைக் கணினிகள் இராப்பகலாகத் தீட்டின. எனினும் பொம்மை எங்கே தயங்கி எங்கே பாயவேண்டும் என்று தீர்மானித்தவர்கள் துள்ளும் பந்திலிருந்து தொடங்கிய மனிதர்களே.

இனி எழுத்து. தமிழ் மாணவர் ஒருவர் தனித்துச் செய்யவேண்டிய வேலை மிகுதியாக உள்ள இடம் இது. பிறமொழி நூல்கள் இலத்தீன் எழுத்தை மனங்கொண்டே எழுதப்பட்டவை. அவற்றின் விதிகளை அப்படியே தமிழுக்குப் பொருத்த இயலாது. தமிழ்ச் சொற்கள் நீளமானவை, எழுத்துகள் அகலமானவை, வரிக்கு மேலே விசிறியும் கீழே சுழித்தும் செல்வன பல. ஆங்கிலத்துக்கு அளவான வரியிடைவெளி தமிழில் நெருக்கிவிடும். திரைப்படத்தின் அடியில் ஓடும் மொழிபெயர்ப்பு வரி ஆங்கிலத்தில் ஒன்றாயின் தமிழில் இரண்டாவதும், பார்ப்பவர் வாசித்து முடிக்குமுன் மறைவதும் எல்லாரும் கண்டதே. கணினிக்குள்ளே எழுத்து அமையும் முறையும் அறியத்தக்கது. 'கொ' என்பதில் மெய்க்கு முன்னே ஒரு குறியும் பின்னே ஒரு குறியும் தோன்றுகின்றன. ஆனால் 1991ஆம் ஆண்டில் வெளிவந்த யுனிகோட் முறையில் மெய்யை முதலிலும் உயிர்க்குறியை அடுத்தும் சேமிக்கிறார்கள். அவற்றைப் பிரித்து இருபுறமும் நிறுத்துவது எழுத்துருவின் கடமை. மென்பொருள் அக்கடமையைச் சரிவர நிறைவேற்றாதபோது கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகச் சிதறிய தமிழைக் காண நேர்கிறது. யுனிகோட் பரவுமுன் வழங்கிய பாமினி முதலிய எழுத்துருக்களில் தட்டெழுதப்பட்ட ஆவணங்களோ, அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே திறக்கும். ஒரு தலைமுறையின் துண்டுப் பிரசுரங்களும் மலர்களும் நினைவேடுகளும் இந்நிலையில் உள்ளன. அவற்றை மீட்பது சிறிய பணியன்று.

இந்நாட்டில் இதற்கு வேறொரு முகமும் உண்டு. தமிழும் அரசகரும மொழியாதல் வேண்டும் என்று 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் கூறியது. பெயர்ப்பலகையிற் சிங்களமும் தமிழும் ஆங்கிலமும் ஒன்றின்கீழ் ஒன்றாக நிற்கின்றன. வட்டமான சிங்கள எழுத்தையும், கிடைக்கோடும் நிலைக்கோடும் மிகுந்த தமிழ் எழுத்தையும், மெலிந்த ஆங்கில எழுத்தையும் ஒரே கனமுடையனவாகத் தோன்றச் செய்வது கடினமான வடிவமைப்புக் கணக்கு. தமிழ் வரி மட்டும் சிறுத்தும் எழுத்துப் பிழையோடும் நிற்கும் பலகைகளைப் பற்றி மேடையிற் பேசுவோர் பலர். பலகையை ஆக்கும் மேசையில் தமிழறிந்த வடிவமைப்பாளர் ஒருவர் அமர்ந்திருப்பின் அப்பேச்சுக்கு இடமிராது.

எஞ்சியது, காண்பவர் கைவைத்து வழி தெரியும் பகுதி. 1968 டிசெம்பர் 9ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோ நகரில் டக்ளஸ் எங்கெல்பார்ட் என்பவர் தொண்ணூறு நிமிடம் நிகழ்த்திக் காட்டிய செயல்விளக்கத்தில், சுட்டியும், திரையில் எழுத்தைத் திருத்துதலும், தொடுப்பைப் பற்றி ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குத் தாவுதலும் ஒருங்கே காட்டப்பட்டன. இன்றைய பல்லூடகத்தின் இப்பகுதி பெரிதும் அவ்வழி வந்தது. இதற்கு நிரலாக்கம் வேண்டும். அதனினும் அரிய பொறுமை ஒன்றும் வேண்டும். மாணவர் தாம் அமைத்த வைத்தியசாலை வழிகாட்டி ஒன்றை, அதனை முன்பின் கண்டிராத முதியவர் ஒருவரின் கையிற் கொடுத்துவிட்டு, வாய்திறவாது பக்கத்திலிருந்து பார்க்கவேண்டும். அவர் அழுத்தவேண்டிய இடத்தை விட்டு அழகுக்கு வரைந்த படத்தை அழுத்துவார். "அம்மா, அங்கே அல்ல" என்று சொல்ல நாவெழும், சொல்லல் ஆகாது. அவர் தவறவில்லை, வடிவமைப்பே தவறியது என்பதை ஒப்புக்கொள்ளப் பழகுவது சில மாணவருக்கு நிரலாக்கத்தினும் கடினமாயிருக்கும்.

இவையெல்லாம் எவ்வளவு காலத்துப் படிப்பு? இலங்கைத் தகைமைகள் சட்டகத்தின்படி பொது இளமாணிப் பட்டம் 90 கிரெடிற்றுகளும், நான்காண்டுச் சிறப்பு இளமாணிப் பட்டம் 120 கிரெடிற்றுகளும் கொண்டது. ஒரு கிரெடிற்று என்பது விரிவுரை, செய்முறை, தனிப்படிப்பு யாவும் சேர்ந்து 50 மணித்தியால உழைப்பு. அஃதாவது நான்காண்டில் 6,000 மணித்தியாலம். இக்கணக்கை மனத்திற் கொண்டால், மூன்று மாதத்திற் பல்லூடக வல்லுநர் ஆக்குவதாகச் சொல்லும் விளம்பரத்தின் தராதரம் விளங்கும். குறுங்காலப் பயிற்சி தீதன்று. ஒரு கருவியைப் பழகுவதற்கு அதுவே போதும். அதனைப் பட்டத்துக்கு நிகராக விற்பதே பிழை.

இறுதியாண்டில் மாணவர் கூட்டாகவோ தனித்தோ ஓர் ஆக்கத்தைச் செய்து முடித்துப் பரீட்சகர் முன் விளக்கவேண்டும். அவ்வேளையில் அகப்படும் குற்றங்களுட் பொதுவானது, பிறர் இசையையும் படத்தையும் கேளாது எடுத்தாள்வது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஆக்கியோரின் பதிப்புரிமை அவர் ஆயுட்காலமும் அதன்மேல் 70 ஆண்டும் நிலைக்கும். வலையில் எளிதாகக் கிடைப்பதனால் ஒரு திரைப்பாட்டு பொதுச்சொத்தாகிவிடாது. சட்டம் ஒருபுறமிருக்க, படத்தில் வருபவரின் சம்மதம் வேறொன்று. இடம்பெயர்ந்தோர் குடியிருப்பிலோ மரணவீட்டிலோ அழும் முகத்தை அண்மையிற் பிடித்தால் தேர்வில் நல்ல புள்ளி கிடைக்கக்கூடும். அம்முகத்துக்குரியவர் அதனைப் பிறகு எவ்விடத்தில், எவர் கைப்பேசியிற் காண்பார் என்று எண்ணிப் பார்க்கும் பழக்கத்தை ஊட்டாத பாடநெறி, எத்தனை கமராக்களை வைத்திருந்தாலும் குறையுடையதே.

2022ஆம் ஆண்டு தொட்டு, சொற்களால் விவரித்த அளவிலே படத்தைத் தீட்டித் தரும் இயந்திரங்கள் பொதுமக்கள் கைக்கு வந்துவிட்டன. குரலையும் அசையும் படத்தையும் ஆக்குவனவும் அவற்றைத் தொடர்ந்தன. இனி இப்படிப்பு எதற்கு என்று பெற்றோர் கேட்பது இயல்பே. அவ்வினாவை ஒதுக்கிவிட இயலாது. சிறு விளம்பரப் படம், எளிய பின்னணி இசை முதலிய வேலைகள் சில ஏற்கெனவே மனிதர் கையைவிட்டு நழுவுகின்றன. மென்பொருளின் பொத்தான்களை மட்டும் அறிந்தவருக்கு இஃது ஃபிளாஷின் மறைவினும் பெரிய இடர். ஆனால் இயந்திரம் தீட்டிய படத்தில் நிழல் தவறான திசையில் விழுவதையும், கூத்தனின் உடுப்பு வேறொரு தேசத்தினதாக மாறிவிட்டதையும், தமிழெழுத்துப் போலத் தோன்றும் கோடுகள் எழுத்தல்ல என்பதையும் கண்டு சொல்வதற்கு ஒருவர் தேவை. கண்டு சொல்பவர், முன்பு தாமே வரைந்தும் கேட்டும் அளந்தும் பழகியவராயிருத்தல் வேண்டும்.

இத்துறையை நாடுவோருக்கு இந்நாட்டிலுள்ள வழிகள் ஒரே வகையின அல்ல. இரத்மலானையிலுள்ள வாழ்க்கைத் தொழிற் தொழினுட்பவியல் பல்கலைக்கழகம் 2008ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்தது. பல்லூடகமும் வலைத் தொழினுட்பமும் சேர்ந்த பட்டநெறி ஒன்று அங்கே உண்டு. தேசிய தொழிற்றகைமை பெற்றவருக்கும் மேலே செல்ல வழிதிறப்பது அந்நிறுவனத்தின் நோக்கங்களுள் ஒன்று. மட்டக்களப்புக் கல்லடியில், கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திற் கட்புல தொழினுட்பக் கலைகள் கற்பிக்கப்படுகின்றன. 1934ஆம் ஆண்டில் இரவீந்திரநாத தாகூர் அடிக்கல் நாட்டிய ஹொறணை ஸ்ரீபாலி, இன்று கொழும்புப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக ஊடகக் கல்விக்கும் இடமளிக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கைகள் உண்டு. இவற்றுள் ஒன்று கலையின் பக்கம் சாயும். ஒன்று கணினியின் பக்கம் சாயும். பெயரை மட்டும் பார்த்து விண்ணப்பித்தல் தகாது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஆண்டுதோறும் வெளியிடும் கைந்நூலில் வேண்டிய பாடங்கள், மொழிமூலம், செய்முறைத் தேர்வு உண்டா இல்லையா என்பன குறிக்கப்பட்டிருக்கும். தனியார் நிறுவனமாயின் கேட்கவேண்டியவை வேறு. தானே பட்டம் வழங்குவதாயின், 1978ஆம் ஆண்டின் பல்கலைக்கழகச் சட்டத்தின்கீழ் அதற்கு அதிகாரம் அளிக்கப்பட்டுள்ளதா என்று பார்த்தல் வேண்டும். வெளிநாட்டுப் பட்டமாயின், அப்பல்கலைக்கழகத்தை ஆணைக்குழு ஏற்கிறதா என்று பணம் கட்டுமுன் எழுதிக் கேட்டு, எழுத்தில் விடை பெறுதல் வேண்டும். அலங்காரமான கட்டடமும் புதிய கணினிகளும் இவ்வினாக்களுக்கு விடையாகா.

விலையுயர்ந்த கணினி முதல் நாளே வேண்டுமா என்று பலர் வினவுவர். வேண்டியதில்லை. முப்பரிமாண ஆக்கம் தொடங்கும்போது வலிய கணினி தேவைப்படும். அதுவரை நிறுவனத்தின் ஆய்வுகூடமும் கையிலுள்ள சாதாரணக் கைப்பேசியும் போதும். ஆங்கிலப் பயிற்சிக்கு அப்பணத்தில் ஒரு பகுதியைச் செலவிடுவது பயன் தரும். விரிவுரைகளும் கருவிநூல்களும் பெரும்பாலும் அம்மொழியிலேயே உள்ளன.

உயர்தரப் பரீட்சைக்கும் பல்கலைக்கழக அனுமதிக்கும் இடையே மாணவருக்கு நீண்டதொரு காத்திருப்புக் காலம் உண்டு. அக்காலத்தில் ஒரு கொப்பி நிறையப் பென்சிலால் கைகளையும் கால்களையும் வரைந்து பழகலாம். ஒரே வேப்பமரத்தைக் காலையிலும் நண்பகலிலும் பொழுதுபடும் வேளையிலும் படம் பிடித்து, நிழலின் நீளத்தையும் நிறத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். சந்தைக்குப் போய்க் கண்ணை மூடி நின்று, கேட்ட ஒலிகளை வரிசையாக எழுதலாம். வீட்டிலுள்ள பாட்டியாருக்குத் தாலாட்டோ ஒப்பாரியோ தெரிந்திருப்பின், அவருடைய சம்மதத்தைப் பெற்று, மின்விசிறியை நிறுத்திவிட்டு, கைப்பேசியை அவர் வாய்க்கு ஒரு முழத் தூரத்தில் வைத்துப் பதிவு செய்து, பாடியவர் பெயரையும் ஊரையும் நாளையும் அதனோடு குறித்து வைக்கலாம்.